பத்மநாபன் சொல்லாமல் விட்ட நூறு

தோணிரேவு என்ற ஊர்ப் பெயரிலேயே இரண்டு மொழிகள் இருக்கின்றன. தோணி நம்முடையது, ரேவு என்பது படகு கரைசேரும் துறைக்குத் தெலுங்கில் வழங்கும் சொல். தோணிரேவு இருக்கும் இந்தப் பழவேற்காட்டுக் கரையிலிருந்துதான் சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் பாக்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின.

1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1632இல் அங்கே பாதிரியாராக வந்தவர் ஆபிரகாம் ரொஜேரியஸ். அவருக்கு சமஸ்கிருதம் தெரியாது. கோட்டையில் அவருடன் பழகிய பத்மநாபன் என்ற பிராமணருக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துகீசியம், அன்றைய கடற்கரை வணிகத்தின் பேச்சுமொழி. பர்த்ருஹரியின் பாக்களுக்குப் பத்மநாபன் போர்த்துகீசியத்தில் பொருள் சொல்லச் சொல்ல, பாதிரியார் அதை டச்சில் எழுதினார்.

இப்படி இரண்டு முறை கைமாறிய பாட்டில் என்ன மிஞ்சும்? யாப்பு உடனே போய்விடும். ஓசையும் சிலேடையும் சொல்லோடு ஒட்டிப் பிறந்தவை, அவையும் போகும். உவமை தப்பிவிடும், ஏனென்றால் அது கண்ணுக்குரியது. தாமரை இலையில் உருளும் நீர்த்துளியை எந்த மொழியிலும் காட்டிவிடலாம். வாய்வழியாகக் கடல் கடந்த பாக்கள் அங்கேயும் பாக்களாகவே உயிர்த்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ரொஜேரியஸ் இறந்தபின், 1651இல் லெய்டனில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1663இல் ஜெர்மன் பதிப்பு. அதைப் படித்த கவிஞர் ஹெர்டர், 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கருத்துகளை மீண்டும் செய்யுளாக்கினார்.

பர்த்ருஹரி பாடியவை மூன்று நூறு: நீதி, சிருங்காரம், வைராக்கியம். பழவேற்காட்டிலிருந்து போனவை இரண்டுதான். காதல் நூறு போகவில்லை.

முந்நூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு வெளிநாட்டவர் அதே வழியில் வந்தார். மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1962 முதல் 1968 வரை டெல்லியில் தூதர். அவரும் பிறர் மொழிபெயர்ப்புகளின் துணையோடுதான் சமஸ்கிருதக் குறும்பாக்களை ஸ்பானிஷில் தந்தார். 1995இல் இந்தியா பற்றி அவர் எழுதிய நூலில் அந்தப் பாக்கள் இருக்கின்றன. அவற்றில் பல காதல் பாக்கள்.