சுருங்கும் கார், சுருங்காத விதிகள்



1954-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் நகரக் கண்காட்சி ஒன்றில் ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். என்ற ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமாயிற்று. அதன் கதவுகள் பக்கவாட்டில் திறக்கவில்லை. கடற்பறவை சிறகை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறந்தன. இது வெறும் அலங்காரமா? இல்லை. காரின் எடையைக் குறைப்பதற்காக, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து அதன் எலும்புக்கூட்டை அமைத்திருந்தார்கள். அந்தக் குழாய்கள் இருபுறமும் உயரமாக நின்றதால், வழக்கமான கதவுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே கீலைக் கூரையில் வைத்தார்கள்!

இந்தக் காரை இன்று நீங்களே மேசைமீது கட்டலாம். ஜப்பானின் தமியா போன்ற நிறுவனங்கள் இத்தகைய பழம்பெரும் கார்களைப் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்கின்றன. பெட்டியின்மேல் ‘1 : 24’ என்று அச்சிட்டிருக்கும். உண்மைக் காரின் 24 செ.மீ. நீளம் மாதிரியில் 1 செ.மீ. ஆகும் என்பது இதன் பொருள். ஏன் 24? ஓர் அடியில் 24 அரை அங்குலங்கள் உள்ளன. ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கும் பழைய வரைபட வழக்கம் இது.

இனிக் கணக்குப் போடுவோம். உண்மைக் காரின் நீளம் 4520 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் 188 மி.மீ. ஏறத்தாழ ஒரு சாண். காரின் எடை சுமார் 1300 கிலோகிராம். அதையும் 24-ஆல் வகுக்கலாமா? வகுத்தால் 54 கிலோ வரும். ஒரு சாண் நீளக் கார் ஒரு மூட்டை அரிசியின் கனம் கனக்குமா? எங்கோ தவறு நேர்ந்துவிட்டது, அல்லவா?

நீளம் மட்டுமா சுருங்குகிறது? அகலமும் உயரமும் கூடவே சுருங்குகின்றன. ஆகவே பரப்பு 24 × 24 = 576 மடங்கு குறையும். பருமனோ 24 × 24 × 24 = 13,824 மடங்கு குறையும். எடை பருமனைப் பொறுத்தது. எனவே அதே உலோகங்களால் அணுவும் பிசகாமல் செய்த மாதிரிகூட 94 கிராம்தான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 75 செ.மீ. உயரமுள்ள மேசையிலிருந்து உங்கள் மாதிரி தவறி விழுகிறது என்று வையுங்கள். ஒரு சக்கரம் கழன்று போகலாம், அதை ஒட்டிவிடலாம். இதே அளவுத்திட்டப்படி உண்மைக் கார் விழவேண்டிய உயரம் 18 மீட்டர், அதாவது ஆறு மாடி! அது அப்பளமாய் நொறுங்கிவிடும். ஏன்? ஒரு குழாய் எவ்வளவு தாங்கும் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. மாதிரியில் தாங்கும் வலிமை 576 மடங்குதான் குறைந்தது. எடையோ 13,824 மடங்கு குறைந்தது. ஆகவே தன் எடைக்கு ஒப்பிட்டால் சிறியது 24 மடங்கு வலியது. பெரிய விலங்கின் எலும்பு ஏன் விகிதத்தை மீறிப் பருத்திருக்க வேண்டும் என்று 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ விளக்கியதும் இதே விதியைக் கொண்டுதான்.

இனி, சுருங்க மறுப்பவற்றைப் பாருங்கள். காரின் கதவைச் சுற்றி 5 மி.மீ. இடைவெளி இருந்தால், மாதிரியில் அது 0.2 மி.மீ. ஆகும். ஆனால் உங்கள் தூரிகைக்கும் வண்ணத்துக்கும் அளவுத்திட்டம் தெரியாது! வண்ணப் பூச்சின் கனம் 0.05 மி.மீ. என்று கொண்டால், இடைவெளியின் இரு ஓரங்களிலும் சேர்ந்து பாதியை அடைத்துவிடும். இன்னொரு பூச்சு பூசினால் அந்தச் சிறகுக் கதவின் கோடே மறைந்துபோகும். நாள்கணக்கில் பட்ட பாடு வீணாகும். அதனால்தான் தேர்ந்தவர்கள் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, புகைபோல் மெல்லியதாகத் தெளிக்கிறார்கள்.

ஒட்டும் முறையிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. பாகங்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கிறார்கள். இதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். இதற்கென உள்ள சிமென்ட் நமது வீட்டுப் பசையைப் போன்றதன்று; அது ஒரு கரைப்பான். இரு பாகங்களின் விளிம்பையும் அது இளக்குகிறது. இளகிய சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. பிளாஸ்டிக்கை வெப்பமின்றிப் பற்றவைப்பது என்றே இதைச் சொல்லலாம். ஆகவே துளியளவு போதும். மிகுந்தால் பாகமே உருக்குலையும். முன்கண்ணாடியில் பட்டால் அது மங்கிவிடும். அங்கே மட்டும் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை நல்லது. இந்தக் கரைப்பானின் ஆவி தீப்பற்றக் கூடியது, முகர்வதும் தீங்கு. சன்னலைத் திறந்து வைத்து, விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில், பெரியவர்கள் துணையோடு வேலை செய்யுங்கள்.

ஆக, மாதிரி என்பது உண்மைப் பொருளை ஒரே எண்ணால் வகுத்துக் கிடைக்கும் விடையன்று. நீளம் ஒரு கணக்கில் சுருங்குகிறது. எடை வேறு கணக்கில். வண்ணமோ சுருங்குவதே இல்லை. எது எப்படிச் சுருங்கும் என்று அறிந்தவரே நல்ல மாதிரியைச் செய்ய முடியும்.

முடிவாக உங்களுக்கு ஒரு கேள்வி. இதே காரை அதே உலோகங்களால் 1 : 12 அளவில் செய்தால் எடை என்ன? 94 கிராமின் இரு மடங்கு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். தாளும் பென்சிலும் எடுங்கள்!