சொந்த லொறி: சக்கரம் சுழலுமுன் சரிபார்க்க வேண்டியவை

இடப்பெயர்வு எமது விவசாயக் குடும்பங்களிடமிருந்து காணியை மட்டும் பறிக்கவில்லை. உழவு இயந்திரம், மாட்டுவண்டி, லொறி என்று விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வசதியையும் பறித்தது. காணிக்குத் திரும்ப முடியாதவர்களும், திரும்பியும் பயிர்ச்செய்கையை மட்டும் நம்பியிருக்க முடியாதவர்களும் "ஒரு சிறிய லொறி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவது இயல்பே. 2009 இல் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் வடக்கின் விளைபொருட்கள் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் தரைவழியாகச் செல்கின்றன. ஏற்றுவதற்குச் சாமான் உண்டு, வாடகையும் உண்டு.

ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்தும் லீசிங் எடுத்தும் வாங்கிய லொறி, ஒரு பத்திரம் பிழைத்ததால் கைவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே லொறியைப் பார்க்கப் போகுமுன் பத்திரங்களைப் பற்றி அறிந்துகொள்வோம்.

முதலில் உரிமை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கிய போதிலும், எம்மவர் பலருக்கு எட்டுவது பழைய லொறியே. பழைய லொறி வாங்குபவர் பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றுடன் தாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "முழுமையான உரிமையாளர்" என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் இன்னும் தீரவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்திட்ட வெறும் படிவத்துடன், பெயர் மாற்றாமல் வாகனம் வாங்கும் "ஓப்பின் பேப்பர்" வழக்கம் எங்கும் உண்டு. இது பெரும் ஆபத்து. பழைய உரிமையாளர் இறந்தாலோ வெளிநாடு சென்றாலோ உரிமையை நிரூபிப்பது கடினம். விபத்து நேர்ந்தால் நட்டஈடு பெறுவதும் சிக்கலாகும். விற்பவருக்குரிய எம்.ரி.ஏ. 6, வாங்குபவருக்குரிய எம்.ரி.ஏ. 8 ஆகிய படிவங்களை நிரப்பி, காலம் தாழ்த்தாது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடுவதற்கான அனுமதி

ஒரே ஒரு பத்திரத்துடன் லொறித் தொழில் தொடங்கிவிடுவதில்லை. பல பத்திரங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். அதற்குக் காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், லொறிக்குரிய தகுதிச் சான்றிதழ் ஆகியன தேவை. ஒன்று தவறினால் மற்றதும் கிடைக்காது. சாரதியின் அனுமதிப்பத்திரம் அந்த லொறியின் வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். கார் ஓட்டும் அனுமதி எல்லா லொறிகளுக்கும் செல்லாது.

தொழிலுக்கு ஒரு பெயர் வைத்து வர்த்தகப் பெயர்ப் பதிவும் செய்துகொண்டால், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம். கடைகளுடனும் சங்கங்களுடனும் ஒப்பந்தம் செய்வதும் இலகுவாகும்.

ஏற்றும் பொருளுக்கும் அனுமதி உண்டு என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர். மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கொண்டுசெல்லல் அனுமதி வேண்டும். மரத்துக்கும் மாடுகளுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. அனுமதியின்றி மரம் ஏற்றினால், வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் லொறியையே பறிமுதல் செய்யலாம். அப்படிப் பறிபோன லொறிக்குக் காப்புறுதி பணம் தராது. லீசிங் தவணையோ நிற்காது. "ஒரு நடைதானே" என்று இரட்டை வாடகை பேசுபவரிடம் பத்திரத்தைக் கேளுங்கள். பத்திரம் இல்லையென்றால் வாடகையும் வேண்டாம்.

காப்புறுதியில் கவனம்

சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. உங்கள் லொறியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். உங்கள் லொறி குடைசாய்ந்தால் அதில் ஒரு சதமும் கிடைக்காது. முழுமையான காப்புறுதி எடுத்தால்தான் சொந்த வாகனத்துக்கு நட்டஈடு உண்டு. லீசிங் நிறுவனங்கள் இதை வற்புறுத்துவது வழக்கம்.

முழுமையான காப்புறுதி எடுப்பவரும் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பயன்பாடு. சொந்தப் பொருட்களை ஏற்றும் லொறி என்று எழுதினால் கட்டணம் குறையலாம். ஆனால் வாடகைக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால், நட்டஈடு மறுக்கப்படுவதற்கு அதுவே காரணமாகிவிடும். வாடகைக்கு ஓடும் லொறி என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டாவது, பெறுமதி. 30 இலட்சம் பெறுமதியான லொறியை 15 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்துவிட்டு, 2 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தது என்று வைப்போம். பல ஒப்பந்தங்களில் பாதிப் பெறுமதிக்குப் பாதி நட்டஈடே, அதாவது 1 இலட்சமே கிடைக்கும்.

மூன்றாவது, பொருளும் ஆட்களும். லொறிக்கான காப்புறுதி, உள்ளே இருக்கும் வெங்காய மூடைகளுக்குப் பொறுப்பல்ல. அதற்குத் தனிக் காப்புறுதி உண்டு. மூடை ஏற்றி இறக்கும் தொழிலாளி காயப்பட்டால், 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி தொழில்கொள்வோரே பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் அவர்களும் சேர்க்கப்பட்டுள்ளார்களா என்று கேளுங்கள்.

நான்காவது, கையெழுத்து. விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்பட்டும் என்று வெறும் தாளில் கையொப்பமிட வேண்டாம். ஆங்கிலம் தெரியாவிட்டால், படித்த பிள்ளையொன்றைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள். அதில் எழுதப்பட்டதே உங்கள் வாக்குமூலம்.

விபத்து நேர்ந்தால் உடனடியாகப் பொலிஸாருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்து, அறிவித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதைக்கொண்டு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

கணக்குப் பார்த்து இறங்குவோம்

காலபோக அறுவடையின்போது லொறிக்கு ஓய்வில்லை. அடுத்து வரும் மாதங்களில் அது வாசலிலேயே நிற்கும். தவணையோ மாதம் தவறாது வரும். ஆகவே லீசிங் தவணை, காப்புறுதி, அனுமதிக் கட்டணங்கள், ரயர், டீசல், சாரதி சம்பளம் ஆகியவற்றை 12 மாதங்களுக்கும் எழுதிக் கூட்டுங்கள். வாடகை நிச்சயமாகக் கிடைக்கும் மாதங்களை மட்டும் வரவில் எழுதுங்கள். கணக்கு இடித்தால், இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி ஒரு லொறி வாங்குவது பற்றி யோசிக்கலாம். அப்போது யார் பெயரில் பதிவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரங்களை மழைத்தண்ணீர் படாத உறையிலிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். ஓடிப்போகும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் தவித்த எமக்கு, இதை எவரும் விளக்கத் தேவையில்லை.