மகன் கேட்ட ‘கேமிங்’ கணினி

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி. தெல்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றில் நாம் நடத்தும் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் ஒரு தாய் மட்டும் எழும்பாமல் இருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். மருந்துத் துண்டாக இருக்கும் என்று நினைத்து விரித்தேன். கண்டியில் ஒரு கணினிக் கடையில் எழுதிக் கொடுத்த விலைக்குறிப்பு அது. பதினொரு வரிகள், எல்லாம் ஆங்கிலத்தில். அடியில் மொத்தம் ஒரு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபா.

“மகன் கேம் விளையாடுற கம்பியூட்டர் கேக்கிறான் மிஸ். சீட்டுக் காசு ஒண்டு நாப்பது இருக்கு. மிச்சத்துக்குக் காதில கிடக்கிறத அடகு வைப்பமோ எண்டு யோசிக்கிறன்.”

இவருடைய பெற்றோர் இதே மலையில் கொழுந்து பறித்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, 2009இல் கணவரை இழந்தார். மகன் பிறந்தது செட்டிகுளம் முகாமில். பின்னர் அண்ணனை நம்பித் தெல்தோட்டைக்கே திரும்பி வந்தார். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினாறு வயது. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு, உடைந்த திரையுள்ள கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான்.

“விளையாடவா இவ்வளவு காசு?” என்று குழுவில் பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விளையாட ஆசைப்பட்டதற்காக ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. தன் காசு எதற்குப் போகிறது என்று தெரியாமல் அந்தத் தாய் தோட்டைக் கழற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

சமூகவியல் படித்த எனக்குக் கணினியின் வயிற்றுக்குள் இருப்பவை பற்றி அப்போது அதிகம் தெரியாது. கலஹாவில் கணினி திருத்தும் ஒரு தம்பியிடம் தாயும் மகனும் நானுமாகப் போனோம். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன். இன்று பல வீடுகளில் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். காசு கொடுப்பவர்கள் தாய்மார்.

பதினொரு வரியில் என்ன இருந்தது?

முதல் வரியில் ‘ஐ7’ என்று இருந்தது. ஐ3ஐ விட ஐ5 பெரிது, ஐ5ஐ விட ஐ7 பெரிது என்று எல்லோரும் நம்புகிறோம். ஒரே தலைமுறைக்குள் அது சரி. ஆனால் அதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் 3770 என்று இருந்தது. 3 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்த செயலி. 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100, விளையாட்டுகளில் அந்தப் பழைய ஐ7ஐ இலகுவாகத் தோற்கடிக்கும். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போடுவதற்கு இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். பாவித்த கணினி வாங்கும் எவரும் இந்த ‘எட்டு’ என்ற எண்ணை மனதில் வைத்திருந்தால் போதும், பாதி ஏமாற்றம் தவிரும்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வரலாம். இன்டெலில் ‘எஃப்’ என்று முடிந்தால் அந்தச் செயலிக்குப் படம் காட்டும் சக்தி இல்லை. தனியாக வி.ஜி.ஏ. கார்ட் வாங்காவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். ஏ.எம்.டி.யில் ‘ஜி’ என்று முடிந்தால், ஓரளவு நல்ல வி.ஜி.ஏ. உள்ளேயே இருக்கிறது. விலை குறைவு என்று ‘எஃப்’ வாங்கிவிட்டு, கார்டுக்குக் காசில்லாமல் மாதக்கணக்கில் பெட்டியைத் துணியால் மூடி வைத்திருந்த ஒரு வீட்டையும் நான் பின்னர் பார்த்தேன்.

தாளில் அடுத்ததாக ஆர்.எக்ஸ். 580 என்ற பாவித்த வி.ஜி.ஏ. கார்ட். 2017இல் வந்தது, அது மட்டுமே 185 வாட்ஸ் வரை மின்சாரம் இழுக்கும். உலகெங்கும் இப்படியான கார்டுகளை இரவு பகலாக ஓடவிட்டு ‘எத்தேரியம்’ என்ற மின்நாணயத்தை உருவாக்கினார்கள். 2022 செப்டெம்பரில் எத்தேரியம் தன் முறையை மாற்றியதும் அந்தக் கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போய், அவை மூட்டை மூட்டையாகப் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் ஒரு வார ‘செக்கிங் வொரன்டி’யை நம்பித் தோடு அடகு வைக்க முடியாது.

பவர் சப்ளைக்கு அந்தத் தாளில் விலையே இல்லை. ‘கேசிங்குடன் இலவசம், 500 வாட்ஸ்’ என்று இருந்தது. தம்பி சிரித்தார். கையில் தூக்கினால் வெறும் தகரம்போல இருக்கும் அந்த இலவசப் பெட்டிகள் எழுதியிருக்கும் சக்தியைத் தருவதில்லை; பழுதானால் கூட இருக்கும் மற்றப் பாகங்களையும் சில நேரம் எரித்துவிடும். பெயர் தெரிந்த கம்பனியின் 450 வாட்ஸ், ‘80 பிளஸ்’ முத்திரையுடன் இருந்தால் சிறிய கணினிக்குத் தாராளம். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் மட்டும் பிடிக்கக் கூடாது என்பதே இத்தனைக்கும் பிறகு எனது அபிப்பிராயம்.

கண்ணாடிக் கேசிங்கும் நிறம் மாறும் விளக்குகளும் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். அதைக் காட்டியபோது மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள்

லயக் காம்பிராவின் அளவு எமக்குத் தெரியும். அதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப்படம், தையல் மெஷின். மகன் கேட்டிருந்த கேசிங்கை வைத்தால் ஒருவர் வெளியே இஸ்தோப்பில்தான் படுக்க வேண்டும். ஆகவே சிறிய கணினிதான் என்று முடிவாயிற்று.

கணினியின் அளவைத் தீர்மானிப்பது மதர்போட். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்பது ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் சதுரம். மினி ஐ.டி.எக்ஸ். 17 சென்ரிமீற்றர் சதுரம். சிறியதென்றால் மலிவாக இருக்குமே என்று தாய் கேட்டார். சின்னப் பிள்ளைக்குச் சட்டை தைத்தாலும் கூலி குறையாதல்லவா, அதுபோலத்தான். மினி ஐ.டி.எக்ஸ். போட்டும், அதற்கேற்ற சிறிய பவர் சப்ளையும் பெரியவற்றை விட விலை கூடியவை. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போட்டைக் கொள்ளும் சிறிய கேசிங்குகள் இருக்கின்றன. கையில் அளவு நாடாவுடன் போனால் பொருத்தமானதைத் தேடிப் பிடிக்கலாம். நாம் அப்படித்தான் செய்தோம்.

தம்பி இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த சிறிய கணினி. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. புரோடெஸ்க், லெனோவோ திங்சென்டர் என்று இவை பாவித்த கணினிக் கடைகளில் கிடைக்கும். எட்டாம் தலைமுறை ஐ5 உள்ளதாகப் பார்த்து, ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற 75 வாட்ஸ் கார்டைப் போட்டால் நன்றாக விளையாடலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒல்லியான அந்தப் பெட்டிக்குள் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் அரை உயரக் கார்ட்தான் போகும். தனி வயர் கேட்காத கார்டாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெரும்பாலும் 180 முதல் 260 வாட்ஸ் வரைதான். அதன் செருகிகள் பல நேரம் கம்பனிக்கே உரியவை, வேறு போட முடியாது.

மற்ற வழி, புதிய பாகங்களுடன் வி.ஜி.ஏ. கார்ட் இல்லாமல் தொடங்குவது. 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி என்ற செயலி. மைன்கிராஃப்ட், வலோரன்ட், ஜி.டி.ஏ. 5 போன்றவை தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இதில் ஓடும். புதிதாக வரும் கனமான விளையாட்டுகள் ஓடாது, அதை மறைக்கத் தேவையில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளேயுள்ள வி.ஜி.ஏ., ரேமைத்தான் தன் நினைவகமாகவும் பாவிக்கிறது. ஆகவே 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்காமல், எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு போட வேண்டும். ஒரு வாய்க்காலுக்குப் பதில் இரண்டு வாய்க்காலால் தண்ணீர் பாய்வதுபோல வேகம் கூடுகிறது.

புதியது, மூன்று வருட வொரன்டி உள்ளவை அதிகம் என்பதால் தாய் இரண்டாவதைத் தெரிந்தார். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., பாவித்த 22 அங்குல மொனிட்டர், கீபோட், மவுஸ், ஹெட்போன் எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து முப்பத்தாறாயிரம். தோடு காதிலேயே இருந்தது.

அது 2025 நடுப்பகுதிக் கணக்கு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் உலகம் முழுவதும் ரேம் விலை ஏறியது. இனி ஒரு தாய் கேட்டால், ரேம் உள்ளேயே கிடைக்கும் பாவித்த அலுவலகக் கணினியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது பட்ட பாடு எமக்கு மறக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முந்திய விலைக்குறிப்பை நம்பிப் போகாதீர்கள். கொழும்பு யுனிட்டி பிளாசாவில் உள்ள கடைகளின் விலையைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கண்டிக் கடைக்குப் போவதும் நல்லது.

கடன் பற்றி ஒரு வார்த்தை. நுண்கடன் எடுத்து இதை வாங்க வேண்டாம். வாராவாரம் வாசலில் வந்து நிற்பவர்களுக்காக ஒளிந்திருந்த அனுபவம் வாசகிகள் பலருக்கு உண்டு. சீட்டு விழும்வரை மகன் காத்திருக்கட்டும்.

சத்தம்

பாகங்கள் எல்லாம் முடிவான பின்னர், திரும்பி வரும் பஸ்ஸில்தான் தாய் உண்மையான விடயத்தைச் சொன்னார். “சுடுற சத்தம் கேட்டா எனக்குக் கை நடுங்குது மிஸ். அவன் போனில விளையாடேக்க நான் வெளியில போயிருவன்.”

அவன் அந்தச் சத்தத்தை வயிற்றில் இருந்தபோது கேட்டவன். அவனுக்கு அது விளையாட்டு. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மகனுக்கு இது தெரியாது என்பதுதான் ஆச்சரியம். அம்மாவுக்குக் கேம் பிடிக்காது என்று மட்டும் நினைத்திருந்தான். அடுத்த நாள் நான் இருக்கும்போதே தாய் அவனிடம் சொன்னார். அவன் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஹெட்போன் போடுறேம்மா” என்றான்.

ஆகவே ஹெட்போன் பட்டியலில் ஆடம்பரமாக அல்ல, செயலிக்குச் சமமான பொருளாகவே ஏறியது. அத்துடன் இன்னொரு சிக்கல் வந்தது. ஹெட்போன் போட்டால் கூப்பிட்டாலும் கேட்காது. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் இந்தத் தாய்க்கு நெஞ்சு அடைக்கும். இருவரும் பேசி ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். தாய் வீட்டில் இருக்கும்போது கார், கிரிக்கெட், கட்டிடம் கட்டும் விளையாட்டுகள், ஒரு காது திறந்தபடி. சுடும் விளையாட்டு தாய் கொழுந்துக்குப் போயிருக்கும் நேரத்தில். திரை சுவர்ப் பக்கம், கதவால் வருபவருக்குத் தெரியாதவாறு.

“இதால சோறு கிடைக்குமோ?” என்றும் தாய் கேட்டார். சீனாவின் ஹாங்சோ நகரில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின் விளையாட்டுகளுக்கும் பதக்கம் கொடுத்தார்கள் என்று மகன் சொன்னான். உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்குப் போகிறவர்கள் இலட்சத்தில் ஒருவர். பாகங்களைத் தன் கையால் பொருத்தப் பழகியதுதான் அவனுக்கு வேலைக்கு உதவும் என்று நினைக்கிறேன். தம்பியின் மேசையில் செயலியைப் போட்டில் வைத்தவன் அவனே.

கொண்டுபோய் வைத்த பிறகு

எமது வீடுகளில் விறகு அடுப்புப் புகையும், மலைப் பனியின் ஈரமும் உண்டு. சிறிய கேசிங்கின் விசிறியில் கரி சேர்ந்தால் சூடு வெளியேறாது. அடுப்படியிலிருந்து தள்ளி, சுவரிலிருந்து ஒரு கையகலம் விட்டு, துணியால் மூடாமல் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் செருகியைக் கழற்றி விடுங்கள், இன்டர்நெட் வயரையும் சேர்த்து. லயத்து வயரிங் பழையதென்றால், ‘ஏர்த்’ வேலை செய்கிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பது கணினிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு.

பற்றுச்சீட்டில் ‘கணினி ஒன்று’ என்று எழுத விடாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும், இலக்கமும், வொரன்டிக் காலமும் தனித்தனியே இருக்க வேண்டும். கடைக்காரர் பற்றுச்சீட்டு தர மறுத்தாலோ வொரன்டியை மறுத்தாலோ, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

கடந்த முறை அந்த வீட்டுக்குப் போனபோது மேசையின் ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் தையல் மெஷின். தாய் சட்டை வெட்டும் அளவுப் படமொன்றை மகன் திரையில் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். வி.ஜி.ஏ. கார்ட் இன்னும் வாங்கவில்லை. அடுத்த சீட்டு விழும்போது பார்ப்போம் என்கிறார் தாய். மதர்போட்டில் அதற்கான இடம் காலியாக இருக்கிறது.