நலவாழ்வும் சுற்றுச்சூழலும்: ஒரு மருத்துவரின் பொதுப்பணி

மூச்சுத்திணறலோடு வருவோரிடம், வீட்டில் எவரேனும் புகைபிடிக்கிறார்களா என்று நாங்கள் கேட்பது வழக்கம். மருந்து மட்டும் நோயைத் தீர்ப்பதில்லை. சுவாசிக்கும் காற்றும் தூயதாக இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை அரசுப் பணியிலும் உலக அரங்கிலும் வலியுறுத்தியவர், நார்வே நாட்டு மருத்துவர் குரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட் அம்மையார்.

1939-இல் பிறந்த அவர், ஆஸ்லோவில் மருத்துவமும் ஹார்வர்டில் பொதுச் சுகாதாரமும் பயின்றார். 1974-இல் சுற்றுச்சூழல் அமைச்சராகவும், 1981-இல் நார்வேயின் முதல் பெண் பிரதமராகவும் பொறுப்பேற்றார். அவர் தலைமையிலான உலகச் சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆணையத்தின் அறிக்கை 1987-இல் வெளிவந்தது. வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராதவாறு இன்றைய தேவைகளை நிறைவுசெய்வதே நிலையான வளர்ச்சி என அது வரையறுத்தது.

1998 முதல் 2003 வரை அவர் உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநராக விளங்கினார். 2003 மார்ச்சில் சார்ஸ் நோய் பரவியபோது அவ்வமைப்பு உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2004-இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்தது. சிகரெட், பீடி உறைகளில் பெரிதாக எச்சரிக்கை அச்சிடுதல் அவ்வுடன்படிக்கை வகுத்த வழிகளுள் ஒன்று.

உறையிலுள்ள எச்சரிக்கை வீட்டிற்குள்ளும் பயன்தர வேண்டுமாயின், அதற்குக் குடும்பத்தாரே துணைநிற்க வேண்டும். பிறர் விடும் புகையும் ஆஸ்துமாவையும் இதய நோயையும் மிகைப்படுத்தும். சன்னலைத் திறந்துவைத்தல் போதிய காப்பாகாது. வீட்டினுள் எவரும் புகைக்காதிருத்தலே காப்பு. இப்பழக்கத்தைக் கைவிட விழைவோர் தயங்காமல் எங்களை அணுகலாம்; நோயாளியுடன் வரும் உறவினர்க்கும் இவ்வழைப்பு பொருந்தும்.