மோவாயைத் திருத்த ஊசியா, அறுவை சிகிச்சையா?

மோவாய் உள்ளே தள்ளியிருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா? ஊசியா கத்தியா என்று யோசிக்கும் முன், கண்ணாடி முன் நின்று பற்களை இயல்பாகக் கடித்துப் பாருங்கள்.

மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைவிட நன்றாக முன்னால் நிற்கின்றனவா? அப்படியானால் கீழ்த்தாடையே பின்தங்கி வளர்ந்திருக்கலாம். கூடவே பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். நீங்கள் முதலில் போக வேண்டியது வாய், முகத்தாடை அறுவை நிபுணரிடம். மோவாயை மட்டும் மேடாக்கினால் பக்கவாட்டுத் தோற்றம் மாறும். கடிப்பும் மூச்சும் மாறாது.

பற்கள் சரியாகப் பொருந்துகின்றன. அப்படியென்றால் ஊசி போதுமா? குறை சிறியது என்றால் பெரும்பாலும் போதும். ஃபில்லர் (தோலுக்கு அடியில் செலுத்தி மேடாக்கும் கூழ்) போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். சில நாள் வீக்கமும் ரத்தக்கட்டும் இருக்கும். ஏறத்தாழ ஓராண்டில் கூழ் கரையத் தொடங்கும். மறுபடி போட வேண்டும், மறுபடி செலவு.

பிடிக்காமல் போனால்? ஹயலுரோனிக் அமிலக் கூழ் என்றால், ஹயலுரோனிடேஸ் (அந்தக் கூழைக் கரைக்கும் நொதி) ஊசியால் நீக்கிவிடலாம். அதனால்தான், மனம் முழுதாக ஒப்பாதவர்கள் இதில் தொடங்குவதே நல்லது என்பேன். ஆனால் கால்சியம் கலந்த கூழ் இந்த நொதிக்குக் கரையாது. எந்தக் கூழ் என்று பெயர் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிதானே, ஆபத்து இருக்காதே? இருக்கிறது. கூழ் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். மிக அரிதாகக் கண்பார்வையே போகலாம். ஊசி போட்ட பின் கடும் வலியோ, தோல் வெளுப்பதோ, வலைபோல் நீலம் படர்வதோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரை அழையுங்கள். பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திராத இடத்திலும், அழகு நிலையத்திலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

அறுவை சிகிச்சை யாருக்கு? குறை பெரிதாக இருப்பவர்களுக்கும், நிலையான மாற்றம் வேண்டுபவர்களுக்கும். இதில் இரண்டு வழிகள். ஒன்று, எலும்பின் மேல் சிலிக்கோன் துண்டு பதிப்பது. கிருமித் தொற்று வரலாம், துண்டு இடம் நகரலாம். ஆனால் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். மற்றது ஜெனியோபிளாஸ்டி (மோவாய் எலும்பையே வெட்டி நகர்த்தி, டைட்டானியத் தகட்டால் பொருத்துவது). உயரக் குறைவு, கோணல் இவற்றையும் இதனால் சரிசெய்யலாம். எலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும்; அதுவரை மெல்லிய உணவுதான்.

இங்கே நிதானமாக எண்ண வேண்டியது கீழுதட்டு மரத்துப்போதல். அந்த உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வெட்டும் இடத்துக்கு அருகிலேயே ஓடுகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பிவிடும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. காபி சூடாக இருக்கிறதா என்று உதடு சொல்லாத நிலையோடு வாழ முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

காப்பீடு கிடைக்குமா? அழகுக்காக மட்டும் செய்வதை இந்தியாவில் மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்பு வேறு கணக்கு.

கேட்பது உங்கள் பதின்வயது மகனோ மகளோ என்றால், தாடை வளர்ச்சி முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அது தாமதமாக முடியும். கடிப்பில் கோளாறு இருந்தால் மட்டும் காத்திருக்காமல் இப்போதே பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் தாடை வளர்ச்சியைத் திருத்தும் சாதனங்களால் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது.