‘புனர்வாழ்வு’ என்றால் என்ன?

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் படிவம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தோம். “புனர்வாழ்வு பெற்றவரா?” என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. “என்ரை மகன்தான் பெற்றவன். இரண்டு வருசம் உள்ளுக்கை இருந்தவன்” என்றார் ஒரு தாய். பக்கத்திலிருந்த ஐயா, “எனக்கும் கிடைச்சது, தகரம்” என்றார். இருவர் சொன்னதும் பிழையில்லை. எமது மண்ணில் ஒரே சொல் அவ்வளவு தூரம் பிரிந்து நிற்கின்றது. ஆயினும் “ஆம்” என்று எழுத முன்னர் எதற்கு ஆம் என்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்த ஆம் பின்னர் எமது கோவைக்குள் போயிருந்துகொண்டு, “இவருக்கு எல்லாம் கொடுத்து முடிந்தது” என்று சாட்சி சொல்லக்கூடும்.

ஆங்கிலத்தில் ‘றிஹபிலிற்றேசன்’ என்பதைத்தான் நாம் புனர்வாழ்வு என்கிறோம். அதன் வேர் இலத்தீன் மொழியில், ‘தகுதியுள்ள, ஆற்றலுள்ள’ என்னும் பொருள் கொண்ட சொல். பதவியையோ உரிமையையோ இழந்த ஒருவருக்கு அதை மீளக் கொடுப்பதையே அது முதலிற் குறித்தது. காயமுற்றவரை மீண்டும் தொழில் செய்ய வல்லவராக்குதல் என்ற பொருள் பிற்காலத்தில் வலுப்பெற்றது. ஆகவே உரிமை, ஆற்றல் ஆகிய இரண்டும் அதற்குள் உண்டு. ‘புனர்’ என்றால் மீண்டும். மீண்டும் வாழ்வு என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமை என்ற பக்கம் அதில் சற்று மங்கிவிட்டது என்பது எமது எண்ணம்.

ஆங்கிலத்தில் குளத்துக்கும் வீதிக்கும் மனிதருக்கும் இந்த ஒரே சொல்தான். தமிழில் குளத்தைப் புனரமைக்கிறோம், மனிதருக்கே புனர்வாழ்வு என்கிறோம். இந்த வேறுபாடு நல்லது. இரணைமடுக் குளத்தின் அணை உயர்த்தப்பட்டு 2018 இல் திறந்துவைக்கப்பட்டது. அணையும் வாய்க்காலும் சரியானால் குளத்தின் வேலை முடிந்தது. கமக்காரருடையது அங்கேதான் தொடங்குகின்றது. பற்றை மூடிய வயலை வெட்டித் திருத்த வேண்டும், கரைந்துபோன வரம்பைக் கட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், விதைநெல்லுக்கும் உழவுக்கும் காசு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர், அந்த வயல் தன்னுடையது என்று காட்ட ஒரு துண்டு வேண்டும்.

இச்சொல் அரச ஏட்டில் வெவ்வேறு பொருளில் ஏறியது. 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு புனர்வாழ்வு அதிகாரசபை அமைந்தது. உயிரிழப்புக்கும் சொத்திழப்புக்கும் நட்டஈடு கொடுப்பது அதன் முக்கிய வேலை. அதாவது அங்கே புனர்வாழ்வு என்றால் இழப்பீடு. அப்பணி 2018 இன் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகத்திடம் சென்றது. 1990களில் வன்னியில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் பெயரில் இச்சொல்லைக் கேட்டோம். அப்போது அது கொட்டிலும் உணவும் தொழில் உதவியுமாக இருந்தது. 2009 இன் பின்னர் தடுப்பில் வைக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளுக்கு ‘புனர்வாழ்வு அளிக்கப்பட்டது’. உதவியாக இருந்த சொல் ஒருவர் மீது ஒட்டிய அடையாளமாயிற்று. 2023 இல் நிறைவேறிய புனர்வாழ்வுப் பணியகச் சட்டமோ போதைப்பொருளுக்கு அடிமையானோரைப் பற்றியது.

மீள்குடியேற்றம் வேறு. அது ஆளை இடத்தில் கொண்டுபோய் விடுவது. முகாமில் தரும் அரிசியும் மாவும் நிவாரணம். திரும்பிய கையோடு கிடைத்த தகரமும் உலர் உணவும் ரூ. 25,000 உதவியும் பிழைத்திருக்க உதவின, மறுக்கவில்லை. ஆனால் அவற்றால் ஒரு போகம் செய்ய முடியாது.

முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்களின் அனுபவம் இதற்கு உதாரணம். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது அவர்கள் சொந்தக் காணிக்குப் போகவில்லை. அங்கே படையினர் இருந்தனர். காடு வெட்டிய ஓரிடத்தில் இறக்கப்பட்டு, பின்னர் மாதிரிக் கிராமம் ஒன்றில் வாழ்ந்தனர். முகாம் மூடியாயிற்று, கணக்கும் முடிந்தது. சொந்த வயலும் தென்னையும் வேலிக்கு அப்பால். அருகிலுள்ள பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 தொடக்கத்தில் ஒரு மாதம் இரவும் பகலும் வீதியோரம் இருந்த பிறகே, மார்ச் மாதத்தில் அவர்களது காணி விடுபட்டது. அந்த மக்கள் கேட்டது இன்னொரு வீடன்று.

1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளும் இதையே கூறுகின்றன. திரும்புதல் விருப்பத்துடனும் பாதுகாப்புடனும் கௌரவத்துடனும் நடக்க வேண்டும். விட்டுவந்த சொத்தை மீளப் பெற அதிகாரிகள் உதவ வேண்டும், முடியாவிடின் ஈடு கிடைக்கச் செய்ய வேண்டும். இது சட்டமன்று என்றாலும், கதைக்கும்போது கையில் பிடிக்கக்கூடிய ஒரு கம்பு.

எனவே படிவம் வந்தால், “இது நிவாரணமா, மீள்குடியேற்றமா, இழப்பீடா?” என்று கேளுங்கள். கையொப்பம் இட்டால் பிரதியொன்று வாங்கி வையுங்கள். பெர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேட்டில் உங்கள் பெயரையும், இறந்துபோன பெற்றோரின் பெயரையும் பார்க்கச் சொல்லுங்கள். கமநல சேவை நிலையத்தின் வயற்காணிப் பதிவேட்டையும் விடாதீர்கள். உங்கள் குடும்பம் எவ்வாறு பதியப்பட்டுள்ளது என்று சொல்ல மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். கடிதம் தமிழில் இருந்தாற் போதும். திகதியிட்டுக் கொடுத்து, கிடைத்ததற்கான துண்டையும் கேட்டு வாங்குங்கள்.