கடலை வரைய 16 மில்லி விநாடி

2013இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்' விளையாட்டில் கப்பல் ஓட்டியவர்கள் அந்தக் கரீபியன் கடலை எளிதில் மறக்கமாட்டார்கள். அலை எழும்போது கப்பலின் முகப்பு உயரும். அது இறங்கும்போது தளத்தின்மேல் தண்ணீர் வாரியடிக்கும். அந்தக் கடலில் நம் ஊருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த விளையாட்டை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2008இல் சிங்கப்பூரில் தொடங்கிய கிளைதான் 2012இல் வந்த முந்தைய பாகத்தின் கடற்போர்களை உருவாக்கியது. அந்த அனுபவம் 'பிளாக் ஃபிளாக்' கடலுக்குள்ளும் போனது. பிறகு அதே கிளை தலைமையேற்றுச் செய்த 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் களம் இந்தியப் பெருங்கடல்.

வீடியோ விளையாட்டின் காட்சித் தரத்தைக் கணினியின் எந்தப் பாகம் தீர்மானிக்கிறது என்று புரிந்துகொள்ளக் கடலைப் போல உதவுவது வேறில்லை. ஒரு சுவரின் தோற்றத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடலாம். கடலை அப்படி வைக்க முடியாது. அது ஒவ்வொரு கணமும் புதிதாகப் பிறக்க வேண்டும்.

அந்தக் கணம் எவ்வளவு சிறியது? திரையில் அசைவு சீராகத் தெரிய நொடிக்கு 60 படங்கள் என்பது வழக்கமான இலக்கு. விளையாடுபவர்கள் இவற்றை ஃபிரேம் என்பார்கள். 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் முதலில் கணினியின் மையச் செயலியான சிபியூ வேலை செய்கிறது. நீங்கள் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினீர்கள், காற்று எங்கிருந்து அடிக்கிறது, எதிரிக் கப்பல் என்ன முடிவெடுக்கிறது, பறக்கும் பீரங்கிக் குண்டு எங்கே விழும், கப்பலுக்கு அடியில் இந்த நொடி அலையின் உயரம் என்ன என்பதையெல்லாம் கணக்கிடுகிறது. ஒன்றின் விடை தெரிந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும் என்ற வகைக் கணக்குகள் இதில் நிறைய. அதனால்தான் சிபியூவில் ஆறு, எட்டு, பதினாறு என்று குறைந்த எண்ணிக்கையில், ஆனால் ஒவ்வொன்றும் மிக வேகமான கோர்கள், அதாவது கணக்குப் போடும் அலகுகள், இருக்கின்றன.

கணக்கு முடிந்ததும் எதையெதை எங்கெங்கே வரைய வேண்டும் என்ற உத்தரவுப் பட்டியல் கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள ஜிபியூவுக்குப் போகிறது. கடலின் பரப்பு அங்கே லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களாக விரிகிறது. பல சைன் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முனையும் எவ்வளவு உயர வேண்டும் என்று கணக்கிடப்படுகிறது. பிறகு நிறம். வானம் எங்கே பிரதிபலிக்கிறது, ஆழம் எங்கே கறுக்கிறது, நுரை எங்கே வெளுக்கிறது என்று திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் விடை வேண்டும். 1920க்கு 1080 திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம். பக்கத்துப் புள்ளியின் விடைக்காக ஒரு புள்ளி பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான எளிய கோர்கள் ஒரே கணக்கை வெவ்வேறு எண்களோடு ஒரே நேரத்தில் போடுகின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் இப்படி 3072 கோர்கள், 4090இல் 16,384.

வேலை இப்படிப் பிரிந்ததும் படிப்படியாகத்தான். 1996இல் 'குவேக்' வெளிவந்தபோது முப்பரிமாணக் காட்சி முழுவதையும் சிபியூவே வரைந்தது. கணினி எவ்வளவு திணறும் என்பது அன்று விளையாடியவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையால் உலகப் புகழ்பெற்ற சிம் வோங் ஹூவின் அதே நிறுவனம், 3டி பிளாஸ்டர் என்ற கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ 2 சிப்பை வைத்தும் கார்டு வெளியிட்டது. வூடூ 2 சாதாரணத் திரைக்காட்சியைக் காட்டாது. அதற்கு இன்னொரு கார்டு வேண்டும். இரண்டையும் வெளியே கேபிளால் இணைப்பார்கள். முப்பரிமாண வேலை மட்டுமே தெரிந்த அந்தக் கார்டின் நினைவகம் 8 அல்லது 12 எம்பி. 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256, முக்கோணங்களை இடம் மாற்றுவதும் ஒளியைக் கணக்கிடுவதுமான வேலையையும் சிபியூவிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஜிபியூ என்ற பெயர் பரவலானது அதிலிருந்துதான். சவுண்ட் பிளாஸ்டரை நினைவு வைத்திருக்கும் நாம் 3டி பிளாஸ்டரை மறந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம்.

இன்று ஒருவர் லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயிலில் ஒரே ஒரு நிலையம் போய் ரோச்சோரில் இறங்கினால், சிம் லிம் ஸ்குவேர் பக்கத்திலேயே நிற்கும். 1980களிலிருந்து மூன்று தலைமுறைக் கணினிப் பிரியர்கள் ஏறி இறங்கிய மாடிகள் அவை. கடைகள் தரும் விலைப்பட்டியல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஒப்பிடுவது ஒரு காலத்தில் விடுமுறைப் பொழுதுபோக்கு. அந்தத் தாளில் பெரும்பாலோரின் கண் முதலில் போவது கிராஃபிக்ஸ் கார்டின் விலைக்கு. விலை கூடக் கூட வேகமும் கூடும் என்ற நம்பிக்கை. அது பாதி உண்மைதான்.

ஜொகூர் போகும் விரைவுச்சாலையில் எத்தனை தடங்கள் இருந்தாலும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி எத்தனை வண்டியை விடுகிறதோ அத்தனைதான் அக்கரை சேரும். கணினியும் அப்படித்தான். சிபியூ ஓர் உத்தரவுப் பட்டியலைத் தயாரிக்க 14 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், 5 மில்லி விநாடியில் வரைந்துமுடிக்கும் விலையுயர்ந்த ஜிபியூ மீதி நேரம் சும்மா இருக்கும். நொடிக்கு 71 ஃபிரேமுக்கு மேல் வராது. அந்த ஜிபியூவுக்குப் பதில் இரு மடங்கு விலையில் இன்னொன்று போட்டாலும் அதே 71தான். பெரிய நகரமும் நூற்றுக்கணக்கான பாத்திரங்களும் கொண்ட விளையாட்டுகளில் சிபியூவும், 4கே திரையில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து ஆடும்போது ஜிபியூவும் இந்தச் சாவடியாக மாறுவது வழக்கம்.

மூன்றாவது சாவடி ஒன்று உண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஜிபியூ வரைவதற்கு வேண்டிய தோற்றப் படங்கள், அதாவது மரக்கட்டையின் ரேகை, பாயின் நெசவு, பாறையின் சொரசொரப்பு எல்லாம் கார்டின் சொந்த நினைவகத்தில் இருக்க வேண்டும். அங்கே இடம் போதவில்லை என்றால் கணினியின் ரேமிலிருந்து இழுத்துவர வேண்டும். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ இதைப் படிக்க நல்ல வாய்ப்பு. ஒரே சிப், ஒரே எண்ணிக்கையில் கோர்கள். நினைவகம் மட்டும் ஒன்றில் 8 ஜிபி, மற்றதில் 16 ஜிபி. பல விளையாட்டுகளில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. தோற்றப் படங்கள் 8 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகளில்தான் சிறிய கார்டு தடுமாறும். காரணம் எளிது: கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 288 ஜிபி தரும்; கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பாதை ஒரு திசையில் ஏறத்தாழ 16 ஜிபிதான் தரும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். ஆனால் கப்பலைத் திருப்பும் நேரத்தில் காட்சி ஒரு நொடி உறைந்து நகரும். சராசரியைவிட இந்த உறைதல்தான் விளையாட்டைக் கெடுக்கிறது என்பது என் கருத்து.

தனிக் கார்டு இல்லாத மடிக்கணினிகளில் ரேமே ஜிபியூவின் நினைவகமும் ஆகிறது. அங்கே ஒரே 16 ஜிபி ரேம் போடுவதைவிட இரண்டு 8 ஜிபி போட்டால் தரவு இரு வழியில் பாயும். செலவு அதிகமில்லை, பலன் கண்ணுக்குத் தெரியும். சேமிப்பகமான எஸ்எஸ்டி, விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைக்கும், புதிய நிலப்பரப்பு வரும்போது தடங்கலைக் குறைக்கும். ஃபிரேமை அது கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிபியூ தடையாகும்போது மென்பொருளிலும் வழி உண்டு. குறைந்த புள்ளிகளை வரைந்து மீதியைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் டிஎல்எஸ்எஸ் போன்ற உத்திகள் ஜிபியூவின் சுமையை வெகுவாக இறக்குகின்றன. 4கே திரைக்கு நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளை மட்டும் வரைந்து மீதியை ஊகிப்பதும் இதில் ஒரு வகை.

இனி நம் ஊருக்கே உரிய பாகம்: வெப்பம். சிப்புகள் சூடு எல்லையைத் தொட்டால் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு அந்த எல்லை 95 டிகிரி, இன்டெலின் பல சிபியூக்களுக்கு 100. மின்விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறையின் காற்றைவிடச் சிப்பைக் குளிர்விக்க முடியாது. இங்கே பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். அறை பத்து டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் சிப்பும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சூடேறும். ஆகவே குளிர்ந்த நாட்டு அறையில் எடுத்த சோதனை எண்களை நம் வீவக வீட்டுப் படுக்கையறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கூடுதல் சூட்டுக்கு ஈரப்பதம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் சிப் கூடுதலாகச் சூடாவதில்லை. காற்றுத் துளைகளில் படியும் தூசிதான் பகை.

ஆர்டிஎக்ஸ் 4090 முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். அத்தனையும் வெப்பமாகவே அறைக்குள் வெளியேறும். ஏர்கான் அதை வெளியே தள்ள இன்னும் மின்சாரம் செலவழிக்கும். மென்பொருளில் அந்த 450ஐ 350 அளவுக்குக் கட்டுப்படுத்தினால் வேகம் குறைவது பெரும்பாலும் சில விழுக்காடு மட்டுமே. இந்த வெப்பநாட்டில் இதைச் செய்யாமலிருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

புதிதாக எதையும் வாங்குமுன் உங்கள் கணினியிடமே கேட்டுவிடலாம். விளையாட்டின் அமைப்பில் திரைப் புள்ளிகளின் அளவைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் தடை ஜிபியூவில். ஏறவில்லை என்றால் சிபியூவில், அப்போது புதுக் கார்டுக்குச் செலவழிப்பது வீண். தோற்றப் படங்களின் தரத்தை மட்டும் ஒரு படி இறக்கும்போது உறைதல் மறைந்தால் கார்டின் நினைவகம் போதவில்லை. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு மந்தமானால் வெப்பம். அதற்குப் பக்கப் பலகையைக் கழற்றித் தூசியைத் துடைத்து, பெட்டிக்குக் காற்று உள்ளே வர ஒரு விசிறியும் வெளியே போக ஒன்றும் வைத்தாலே பல நேரம் போதும். சிம் லிம் ஸ்குவேரில் சில பத்து வெள்ளிக்குள் முடியும்.